நாலும் இழுக்கிற வண்டி

கடைசிச் சக்கரத்தின் கடைசி நட்டு மட்டும் வருவேனா என்று அடம்பிடித்தது. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஒரு காலை வைத்து அவள் அழுத்தினாள். நட்டு அசையவில்லை. ஷெட்டை ஒட்டிய ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"குதிக்காத. குதிச்சா போல்ட்டு முறிஞ்சிடும். மெதுவா அழுத்து."

"மெதுவாத்தான் அழுத்தறேன்."

"மூச்சு விடற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மூச்சு வாங்கறது என் வேலை. உனக்கு எதுக்கு?"

அவள் இன்னொரு காலையும் தூக்கி வைத்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம், நட்டு இளகியது. ஜன்னலில் கணவரின் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது, தானே கழற்றியது போல.

அவருக்கு இதயம் பெருத்துவிட்டது. பெருத்தது என்றால் பலம் என்று அர்த்தமில்லை, தளர்ந்துபோய்விட்டது என்று டாக்டர் விளக்கினார். ஆஸ்பத்திரியில் வைத்து இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்றார். அவளைத் தனியாக அழைத்துத்தான் சொன்னார். ஆனால் அறைக் கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் படுக்கையறையில் படுக்கமாட்டேன் என்று அடம்பிடித்து, கட்டிலை ஹாலில் இந்த ஜன்னலோரம் போடவைத்தார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அதனால் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார், ரயிலில் ஜன்னல் சீட்டு கிடைத்தவரைப் போல. எதிரே தெரிந்ததெல்லாம் அந்தக் கார்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். "நான் ஜனங்களை மேல கீழ கொண்டுபோறேன், இவ முன்ன பின்ன கொண்டுபோறா" என்றுதான் புதியவர்களிடம் அறிமுகம் செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் நடக்கும் கால் மைல் பந்தயத்துக்குப் போவார்கள். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் நேர்க்கோட்டில் பறக்க வேண்டும். யார் முதலில் போய்ச் சேர்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அவ்வளவுதான் பந்தயம். வண்டியைக் கட்டுவது அவர், ஓட்டுவது அவள். வாரம் பூராவும் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நத்தையாக ஊர்கிற அம்மாவுக்குள் ஞாயிற்றுக்கிழமையானால் என்ன புகுந்துகொள்கிறது என்று மகள் கேட்பாள்.

வண்டி பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. சாம்பல் நிறம், நாலு கதவு, பின்சீட்டில் மகள் சின்ன வயதில் கொட்டிய பாலின் கறை. காய்கறி வாங்கவும், மகளை விடுதியில் விடவும், போன மாதம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கவும் அதில்தான் போனார்கள். விசேஷம் என்னவென்றால் நாலு சக்கரமும் இழுக்கும். மற்ற வண்டிகளுக்கு முன்னால் இரண்டோ பின்னால் இரண்டோதான் வேலை செய்யும், மீதி இரண்டும் கூடவே வரும். இதில் ஓசியில் வருகிற சக்கரம் கிடையாது.

நாலையும் கழற்றி, வண்டியை நாலு முட்டுக்கால்களில் நிறுத்திவிட்டு, சக்கரங்களை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். டயர்கடைக்காரன் வேனோடு தயாராக நின்றிருந்தான். அவனை எல்லோரும் பஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியவன். இப்போது கண்ணாடிக் கதவு வைத்த கடை, நாலைந்து ஆட்கள். பெயர் மட்டும் மாறவில்லை. அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

"அக்கா, எந்த டயரைப் போடறதுன்னு முடிவாயிடுச்சா? ரெண்டுமே கடைக்கு வந்தாச்சு."

"மொட்டையைப் போடு" என்றாள் அவள்.

"கோடு போட்டதைப் போடு" என்றது ஜன்னல்.

சக்கரங்களை வேனில் ஏற்றியபடியே பஞ்சர், "சாயங்காலத்துக்குள்ள யாராச்சும் ஒருத்தர் போன் பண்ணுங்க. ரெண்டு பேரும் பண்ணிடாதீங்க" என்றான். பிறகு ஜன்னலருகே போய், "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டான்.

"பாக்கறியே, இன்னும் இருக்கேன்."

"அடுத்த ஞாயிறு வருவீங்களா?"

"இவ என்னைத் தூக்கிட்டுப் போற மாதிரி இருந்தா வர்றேன்."

பஞ்சர் சிரித்தான். வேனில் ஏறும்போது அந்தச் சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

டயர் விவகாரம் அந்த வீட்டில் கொஞ்ச நாளாகவே புகைந்துகொண்டிருந்தது. போன பந்தயத்தில் அவள் வெள்ளை வண்டிக்காரரிடம் தோற்றாள். அவர் ஒரு பல் டாக்டர். அவருடையதும் நாலும் இழுக்கிற வண்டிதான், ஆனால் லாரியில் ஏற்றிக்கொண்டு வருவார். பந்தயத்துக்கென்றே செய்த டயர் போட்டிருந்தார். அதில் கோடு, பள்ளம், பூ எதுவும் இருக்காது. சோப்புக் கட்டி போல வழவழவென்று, தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். பச்சை விழுந்ததும் அவர் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. அவளுடையது ஒரு கணம் வழுக்கியது. அந்த ஒரு கணத்தைக் கால் மைல் முழுக்கத் துரத்தியும் அவளால் பிடிக்க முடியவில்லை. அன்று கணவர் ஓடுதளத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவரால் எங்கும் போக முடியவில்லை.

அவள் அடுப்படியில் சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் அவர் தணிந்த குரலில் போனில் பேசுவது கேட்டது. கிண்ணத்தோடு வந்தபோது போன் தலையணைக்கு அடியில் போயிருந்தது.

"யாரு?"

"எங்க அக்கா. சாப்பிட்டியான்னு கேட்டா."

நாலைந்து கரண்டி குடித்தார். போதும் என்று கையால் காட்டினார். அவள் மீதியைத் தானே குடித்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பழைய துணியில் மண்ணெண்ணெயைத் தொட்டு நகக்கண்ணில் ஏறியிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தாள். வெயில் ஷெட்டின் தகரத்தில் விழுந்து கூசியது. சக்கரமில்லாத வண்டி கால்களை மடக்கிக்கொண்டு படுத்திருக்கும் மாடு போல இருந்தது.

"காசு குடுத்து மொட்டை டயர் வாங்கறவளை இப்பதான் பாக்கறேன்" என்று அவரே ஆரம்பித்தார்.

"தேஞ்சு மொட்டையானது வேற, மொட்டையாவே பொறந்தது வேற. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதைப் போட்டா ரோட்டுல போக முடியாது. போலீஸ்காரன் விட்டாலும் மழை விடாது. ஒரு தூறல் விழுந்தா நீ நேரா எவன் வீட்டு வாசல்லயாவது போய் நிப்பே."

"லாரியில ஏத்திட்டுப் போலாம். பல் டாக்டர் அப்படித்தான் கொண்டுவர்றாரு."

"தெரு வண்டியை லாரியில ஏத்தறதா? நாமளே ஓட்டிட்டுப் போய், ஓடி முடிச்சு, வர்ற வழியில தக்காளி வாங்கிட்டு வர்ற வண்டி இது. அதுலதானே கெத்து?"

"கெத்து இருந்து என்ன? தோத்துட்டுத் தக்காளி வாங்கிட்டு வந்தோம்."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமலாக வந்தது. அவள் எழுந்து முதுகைத் தாங்கிப் பிடித்தாள். சட்டைக்குள் எலும்பு கையில் தட்டியது. இருமல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வாதத்தில் அவருக்கு இடைவேளை கிடையாது.

"சரி, சூடு எப்படிப் பண்ணுவே? அந்த டயருக்கு நல்லாச் சூடு ஏறினாத்தான் ஒட்டும். ரெண்டு சக்கர வண்டிக்காரன் நின்ன இடத்துலயே சக்கரத்தைச் சுத்தவிட்டுப் புகை கிளப்பிச் சூடு பண்ணிப்பான். நம்ம வண்டி நாலும் இழுக்கும். நிறுத்தி வெச்சுச் சுத்தவிட்டா டயர் சூடாகறதுக்குள்ள கிளட்ச் வெந்துடும்."

"வெயில்ல நிறுத்திவெப்பேன்."

"அப்பளமா?"

"பின்னாடி ரெண்டுக்கு மட்டும் மொட்டை, முன்னாடி பழசு. அப்படிப் போட்டா?" இது அவளுக்கே ஏற்பில்லாத யோசனை, அவரைச் சீண்டுவதற்காகச் சொன்னாள்.

"போடு. முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவுன்னா நாலும் ஒரே மாதிரி சுத்தாது. நடுவுல இருக்கிற பல்சக்கரம் ரெண்டு பக்கமும் பஞ்சாயத்து பண்ணியே உருகிப்போகும். நாலும் ஒண்ணா இருக்கணும். ஒரே ஜாதி, ஒரே அளவு, ஒரே தேய்மானம். இல்லேன்னா போடவே கூடாது." மூச்சு வாங்கினார். "நீ வழுக்குது வழுக்குதுங்கறியே, அந்தக் கொஞ்சம் வழுக்கல்தான் இத்தனை நாளா வண்டியைக் காப்பாத்துது. நாலு சக்கரமும் தரையை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா இன்ஜின் குடுக்கற அடி எங்க போகும்? நேரா கியர்பாக்ஸுக்குத்தான்."

"ஒரு தடவை தாங்கும்."

"ஒரு தடவையா?"

"ஆமா. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு ஓட்டம். அந்த ஆளை ஒரு தடவை ஜெயிச்சுட்டாப் போதும் எனக்கு. அப்புறம் உடைஞ்சா உடையட்டும்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடைஞ்சா உடையட்டுமா? கியர்பாக்ஸ் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுக்கு ரோஷம் வந்தது. துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். மெதுவாகக் கிளம்பினால் கியர்பாக்ஸுக்கு அவ்வளவு அடி விழாது என்றாள். எத்தனை வருஷமாகத் தன் இடது கால் அந்த கிளட்சை அறிந்திருக்கிறது என்று கேட்டாள். பஸ்ஸில் பின்சீட்டில் தூங்குகிற குழந்தை கண் விழிக்காதபடி கியர் மாற்றுகிறவளுக்கு இது தெரியாதா என்றாள். காற்றைக் கொஞ்சம் கூட வைத்தால் பிடிப்பு அளவோடு இருக்கும், அதற்கும் வழி இருக்கிறது என்றாள். பல் டாக்டர் அன்று திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பைப் பற்றியும் சொன்னாள். நன்றாகவே பேசினாள். இவ்வளவு கோர்வையாக அவரிடம் அவள் பேசியதே இல்லை. பாதியில் வெட்டாமல் அவரும் கேட்டதில்லை.

"என்ன, பதிலையே காணோம்? பேசலைன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்" என்று சொல்லி நிமிர்ந்தாள்.

அவர் முகம் ஜன்னல் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. போர்வையின் மேலிருந்த கை அப்படியே இருந்தது.

அவள் எழவில்லை. துணியை மடியில் வைத்தாள். "என்னங்க" என்றாள். பிறகு தன் கையை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்குமே என்று உடனே இழுத்துக்கொண்டாள். அடுத்த கணம் அந்த யோசனை எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று புரிந்தது. மறுபடி கையைக் கொண்டுபோய் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

எந்த வாக்கியத்தில் போனார் என்று தெரியவில்லை. கிளட்சைப் பற்றிச் சொன்னபோதா, காற்றைப் பற்றிச் சொன்னபோதா?

மகள் படிக்கிற ஊரிலிருந்து அன்று மாலையே வந்துவிட்டாள். அவருடைய அக்காவும் வந்துவிட்டார். அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வாசலிலேயே செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தம்பியின் பாதங்களைப் பிடித்துப் பார்த்தார். "வீக்கம் வடிஞ்சிருக்கு" என்றார். பிறகுதான் அழுதார்.

மறுநாள் காலையில் எடுத்துச் செல்ல ஆட்கள் வந்தார்கள். முன்வாசல் குறுகல், ஸ்ட்ரெச்சர் வளையாது. ஷெட் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே வண்டி பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"இதைக் கொஞ்சம் வெளிய தள்ளிடுங்களேன்" என்றார் அக்கா.

"தள்ள முடியாது அண்ணி. சக்கரம் இல்ல."

"சக்கரம் இல்லையா? எங்க போச்சு?"

"டயர் மாத்தக் குடுத்திருக்கு."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்ததா, என்ன ஜென்மங்களடா நீங்கள் என்ற அலுப்பு இருந்ததா, சொல்ல முடியாது. ஆட்கள் சுவரோரமாக ஸ்ட்ரெச்சரைச் சாய்த்தவாக்கில் கொண்டுபோனார்கள். பக்கவாட்டுக் கண்ணாடி இடிக்கும்போலத் தெரிந்தது. அவள் முன்னால் ஓடி அதை மடக்கினாள். அவர் அந்தக் கதவை உரசியபடியே தாண்டிப் போனார்.

தகன மண்டபத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். லிஃப்ட் கம்பெனி ஆட்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக்காரர்கள் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பின்னால். பல் டாக்டர் வந்திருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் அந்த மனிதரின் முகம் இயல்பாகவே சிரிக்கிற அமைப்பு என்று தெரிந்தது. பஞ்சர் சலவைச் சட்டையில் யாரோ போல இருந்தான்.

எல்லாம் முடியக் காத்திருக்கும்போது அக்கா அவள் பக்கத்து நாற்காலிக்கு வந்தார்.

"கடைசியா எதாவது சொன்னானா?"

அவள் நகக்கண்ணில் மிச்சமிருந்த கிரீஸைப் பார்த்தாள்.

"சொல்லு. என்னைப் பத்தி இல்லாட்டியும் பரவாயில்ல. பொண்ணைப் பத்தி எதாவது? உன்கிட்ட எதாவது?"

"அண்ணி, அது வந்து..."

"நீதானே பக்கத்துல இருந்தே? ஒண்ணுமே பேசலையா?"

"பேசினார். கியர்பாக்ஸ் என்ன மரத்துலயா காய்க்குதுன்னார்."

அக்காவுக்குப் புரியவில்லை. "என்னது?"

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் விக்கல் என்றுதான் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை இரண்டு கையாலும் பொத்தியும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது. முன்வரிசையில் இருந்தவர்கள் பாவம் பிள்ளை என்று திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவும் மாறிவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அக்கா எட்டி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். "சின்ன வயசுலயும் இப்படித்தான். என்ன கேட்டாலும் மரத்துல காய்க்குதாம்பான். எங்க அப்பா சொல்றது அது" என்றார்.

வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. அக்கா சில நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொன்னார். மருந்துகளை ஒரு பையில் போட்டுக் கட்டினார், கட்டிலைப் பழையபடி படுக்கையறைக்குக் கொண்டுபோக வைத்தார், அலமாரியை ஒழுங்குபடுத்தினார். ஷெட் மட்டும் அவர் கைக்கு அகப்படவில்லை.

"இதை இனிமே எதுக்கு வெச்சுக்கிட்டு?" என்றார் ஒரு நாள், ஜன்னலில் நின்றபடி. "குடுத்துடு. அவனும் இல்ல. நீ ஒருத்தி இதை ஓட்டிக்கிட்டுத் தெருவுல போனா பாக்கறவங்க என்ன பேசுவாங்க? கொஞ்ச நாளாவது வீட்டுல இரு."

"பஸ் ஓட்டப் போகத்தானே போறேன் அண்ணி."

"அது பொழைப்பு. இது என்ன?"

எப்படியானாலும் சக்கரமில்லாமல் யாருக்கும் கொடுக்க முடியாது. அன்று பிற்பகல் பஞ்சரின் கடைக்கு நடந்தே போனாள்.

நாலு சக்கரமும் டயர் உரிக்கப்பட்ட நிலையில் மூலையில் அடுக்கப்பட்டிருந்தன. இந்தப் பக்கம் நாலு மொட்டை, அந்தப் பக்கம் நாலு கோடு போட்டது. கோடு என்பது பெயருக்குத்தான். தண்ணீர் ஓடுவதற்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வாய்க்கால்கள். மற்றபடி அதுவும் மெத்தென்ற ரப்பர்தான், பந்தயத்துக்கும் தெருவுக்கும் நடுவில் நிற்கிற ஜாதி. பஞ்சர் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"இன்னும் போடலையா நீ?"

"எதைன்னு சொல்லலையே அக்கா. அப்புறம் போய் உங்ககிட்ட எப்படிக் கேக்கறது? உங்களுக்கே எப்பத் தோணுதோ அப்ப வரட்டும்னு விட்டுட்டேன்."

அவள் மொட்டை டயர் ஒன்றில் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் கொஞ்சம் ஒட்டி விட்டது.

பஞ்சர் தயங்கினான். டீ சொல்லட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். மறுபடி தயங்கினான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அண்ணன் அன்னிக்கு எனக்குப் போன் பண்ணினாரு."

"என்னிக்கு?"

"அன்னிக்குத்தான். நான் சக்கரத்தை எடுத்துட்டுப் போய்க்கிட்டிருந்தேன், பாதி வழியில வந்துச்சு போன்."

சூப்பும், தலையணைக்கு அடியில் போன போனும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. "என்ன சொன்னாரு?"

"அவ என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டிட்டு நான் சொன்னதையே போட்டுடு, அப்புறம் நான் பாத்துக்கறேன்னாரு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை நாளில் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பாத்தியா? பாத்தியா அந்த மனுஷனை? எங்கிட்ட அக்கா போன் பண்ணினாங்கன்னு பொய் சொல்லிட்டு, உங்கிட்ட இந்த வேலை! முடிவு பண்ணிட்டு எதுக்கு எங்கூட அவ்வளவு நேரம் மல்லுக்கட்டினாரு? நான் பாட்டுக்கு மாங்கு மாங்குன்னு பேசிக்கிட்டே இருந்தேன். வண்டிய ஓட்டறது யாரு, அவரா நானா? நீயும் சரின்னு சொல்லிட்டே, இல்ல?"

"நான் என்ன அக்கா சொல்ல முடியும்? சரிண்ணேன்னுதான் சொன்னேன்."

"மொட்டையவே போடு. இப்பவே போடு, நான் நின்னு பாக்கறேன்."

கடைப் பையன்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பஞ்சர் அவர்களை ஒரு பார்வையில் திருப்பிவிட்டு, ஒரு மொட்டை டயரை மிஷின் பக்கம் உருட்டினான். ரிம்மையும் எடுத்து வைத்தான். பிறகு குனிந்தபடியே, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"ஏண்ணே, அக்கா இவ்வளவு ஆசைப்படறாங்க, போட்டுத்தான் பாப்போமேன்னு நானும் கேட்டேன் அக்கா."

"அதுக்கு?"

"கியர்பாக்ஸ் போச்சுன்னா அதை இறக்கி ஏத்தணும், அதுக்கு ஆள் வேணும்லடான்னாரு."

மிஷினின் காற்றுக் குழாய் புஸ்ஸென்று விட்டு விட்டு இரைந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு சின்ன வேனிலிருந்து யாரோ இறங்கி, டயரை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிப் போனார்கள்.

"வேகம்னா மொட்டைதான் அக்கா" என்றான் பஞ்சர். "அதுல சந்தேகமே இல்ல. ஒரு ஓட்டத்துக்குன்னா கண்ணை மூடிட்டுப் போடலாம்."

"ஒரு ஓட்டத்துக்கு இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. அண்ணியை பஸ் ஸ்டாண்டுல விடணும். பொண்ணு விடுதிக்குப் போகணும்" என்றாள். "கோடு போட்டதையே போடு. அவர் சொன்னாருன்னு இல்ல."

"தெரியும் அக்கா."

"நாலும் ஒரே லாட்டுல வந்ததுதானா, பாத்துக்கோ."

"பாத்துட்டேன் அக்கா. நாலும் ஒண்ணுதான்."

மறுநாள் காலையில் பஞ்சர் சக்கரங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவளும் மகளும் மாட்டினார்கள். மகள் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்க, அவள் நட்டைப் போட்டாள். அக்கா ஜன்னலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, மீதி நட்டுகளைப் பொறுக்கித் தன் முந்தானையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நீட்டினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "எல்லாத்தையும் ஒரேயடியா இறுக்காதேம்மா, எதிரும் புதிருமா இறுக்கு" என்றாள் அவள் மகளிடம். கடைசியில் முட்டுக்கால்களை எடுத்து வண்டியை இறக்கியபோது, அது பெருமூச்சு விடுவது போல அமுங்கி நின்றது.

"கிளப்பினா ரொம்பச் சத்தம் போடுமா?" என்று கேட்டார் அக்கா.

"கொஞ்சம் போடும்."

"எத்தனை மணிக்குப் பஸ்ஸு எனக்கு?"

"சாப்பிட்டுட்டுக் கிளம்பினா சரியா இருக்கும் அண்ணி. நானே விடறேன். புது டயர், பந்தயத்துக்கு முன்னாடி கொஞ்சம் ரோட்டுல பொறுமையா ஓட்டிப் பழக்கணும்."

அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தெருவில் இரண்டு மூன்று வாசல்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுவது போலவே ஓட்டினாள். பாலத்துக்கு முன்னால் ரோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது, ஜல்லி சிதறிக் கிடந்தது. அதைத் தாண்டியதும் வண்டிக்கடியில் டிக் டிக்கென்று ஏதோ தட்ட ஆரம்பித்தது.

"என்னம்மா சத்தம்? எதாவது கழண்டுடுச்சா?"

"இல்ல அண்ணி, கல்லு. ரப்பர் மெத்துன்னு இருக்கில்ல, ஒட்டிக்கும். சுத்தும்போது தெறிக்கும்."

"ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது."

பஸ் ஸ்டாண்டில் அக்கா இறங்கினார். கதவை மூடாமல் குனிந்து, வண்டியின் உட்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவே?" என்றார்.

"தெரியல அண்ணி. காலையில எழுந்து பாக்கணும்."

"போறதா இருந்தா போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கதவை மூடினார். முதல் தடவை சரியாக மூடவில்லை. திறந்து, ஓங்கி மூடினார்.

வீட்டுக்குத் திரும்பி வாசலில் வண்டியை நிறுத்தினாள். உள்ளே மகள் தலைக்குக் குளித்துவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து, முன் சக்கரத்தின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ரப்பரில் கற்கள் பதிந்திருந்தன. கடுகு அளவில் சில, பட்டாணி அளவில் சில, வாய்க்காலில் ஆழமாகச் சிக்கிக்கொண்டு சில. ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துப் பக்கத்தில் போட்டாள். ரப்பரில் கீறல் விழாமல் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது சக்கரத்தை முடித்து மூன்றாவதுக்கு நகர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. நாலாவதிலும் கைக்கு எட்டியவரை எடுத்து முடித்தாள்.

தரையோடு அழுந்தியிருந்த பகுதி மட்டும் தெரியவில்லை. எழுந்து கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இறக்கி, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சக்கரங்கள் அரைச் சுற்று சுற்ற, வண்டி முன்னால் உருண்டு நின்றது. மறுபடி முதல் சக்கரத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.